லீக்

ஒன்பது நாளைக்கு ஒருமுறை செத்துப்போகும்
எடைமேடைக் கணினி.
ஆண்டார்குப்பம் யார்டு வாசலில்
கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் முதுகில் ஒன்று நிற்கும்.
அணைத்துப் போட்டால் எழுந்துகொள்ளும்,
ஒன்றுமே நடக்காத முகத்தோடு.
"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாப் பூடுது, வுடும்மா."
விட முடியவில்லை.

முதலில் டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டேன்.
பிறகு கேமரா மென்பொருளை.
இரண்டையும் நிறுத்தியும் நினைவகம் தேய்ந்தது.
ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமின் பங்கையும்
காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன்:
மூன்று ஜிபிக்குச் சொந்தக்காரர் இல்லை.
அப்படியானால் கெர்னலுக்குள்.

இரவு ஒன்றரை மணிக்கு மேலதிகாரிக்கு போன் போட்டு
"லீக்தான் சார், கன்ஃபார்ம்" என்றேன்.
வாசலில் கஜபதி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.
துண்டை பக்கெட்டில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டு
இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.
"எந்தக் கம்பெனிம்மா? காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

இங்கே அந்தச் சொல்லை
யாரும் சும்மா சொல்வதில்லை.

நெடி இல்லண்ணே, புகை இல்ல,
ஒரு சொட்டுகூடக் கீழே விழாது.
நெட்வொர்க் கார்டுக்கு ஒரு டிரைவர் இருக்கு...
"எந்த வண்டிக்கு?"
வண்டிக்கு இல்ல. வயரில் வர்றதைப் பிடிச்சு வைக்க
இருநூற்றைம்பத்தாறு குடம் கேட்டு வாங்கி
வட்டமா அடுக்குற வேலை அதோடது.
வேலை முடிஞ்சா குடத்தைத் திருப்பிக் கொடுக்கணும்.
எங்கயோ கொடுக்கல.
"தண்ணி லாரி வர்ற நேரத்துல எங்க தெருவுல
இத்தப் பண்ணிப் பாரு, மண்ட ஒடையும்" என்றார்.
கட்டிய துண்டை அவிழ்க்கவில்லை.

எங்கேயோ என்றால் எங்கே?
தேய்மானம் வழுக்கிக்கொண்டு இறங்கவில்லை,
படி படியாக இறங்கியது.
ஒவ்வொரு படியும் சரியாக அரை எம்பி.
ஞாயிறு மதியம் படிகள் குறைவு.
ஆயுத பூஜை அன்று நாள் முழுக்கச் சமதரை.
ரெஜினாவின் எடைச்சீட்டுப் பதிவேட்டைப்
பக்கத்தில் விரித்துவைத்தேன்.
படிக்கு ஒரு லாரி.

லாரி ஏறுகிறது. இரும்புப் பலகை அதிர்கிறது.
பலகைக்கு அடியில் உப்புக்காற்று தின்ற கேபிள் முனை
அரை நொடி கைவிட்டுத் திரும்பப் பிடிக்கிறது.
பிடித்த ஒவ்வொரு முறையும் டிரைவர்
புதிதாகக் குடங்கள் கேட்டு வாங்குகிறது.
பழையவை எங்கே என்று
எழுதிவைத்த சீட்டின் மேலேயே
புதுச் சீட்டை எழுதிவிடுகிறது.
நாளுக்கு அறுநூற்றெழுபது லாரி.
ஒன்பது நாள்.
மூன்று ஜிபி.

நிரலில் அது ஒரு சின்ன இடம்.
கொடுப்பதற்கு முன்னாலேயே வெளியே போய்விட்ட
ஒரு ரிட்டர்ன்.
எழுதியவனின் மேசையில்
வயர் ஒருநாளும் ஆடியிருக்காது.

மூன்று வரி சேர்த்தேன்.
கார்டு விற்றவர்கள் கேபிளை மாற்றச் சொன்னார்கள்.
மாற்றவில்லை.
துருவை அப்படியே விட்டு,
இன்னும் கொஞ்சம் தளர்த்தியும் வைத்தேன்.
நோய் இருக்கும்போதுதானே மருந்து தெரியும்?
ரெஜினா என்னைப் பைத்தியம் என்றாள்,
சீட்டு அடித்துக்கொண்டே.

பத்தாம் நாள், விடியற்காலை நாலு பத்து.
இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் ஏறியது.
பலகை முனகியது, பச்சை விளக்கு செத்து எரிந்தது.
எண் அசையவில்லை.
அடுத்த லாரி.
அசையவில்லை.
அதற்கடுத்ததற்கு நான் திரையைப் பார்க்கவில்லை,
லாரியைப் பார்த்தேன்.

"நின்னுச்சா?"
"நின்னுச்சுண்ணே."
கஜபதி தலையாட்டினார்.
காய்ந்துபோன துண்டை பக்கெட்டில் மறுபடி முக்கிப் பிழிந்து
நாற்காலி முதுகில் விரித்தார்.
"அது உன் லீக்கு" என்றார்.